பாலின் வெள்ளை: ஒரே காட்சியைக் கரியில் தொடங்கி பாத்தேக்கில் முடித்த பதிவு

இந்தப் படம் ஒருவழியாகத் தேறிவிட்டது. 90 செ.மீ. உயரம், 60 செ.மீ. அகலப் பருத்தித் துணியில் பாத்தேக் ஓவியம், அதாவது மெழுகால் மறைத்துச் சாயம் ஏற்றும் முறையில் செய்தது. விடிவதற்கு முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் (ரப்பர் மரம்) சீவும் ஒரு பெண், வெட்டிலிருந்து மங்குக்கு, அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்துக்கு, இறங்கும் பால், சுற்றிலும் இருட்டு. அந்தப் பெண் என் பாட்டி. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே மரம் சீவியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகுதான் உளியைக் கீழே வைத்தார்.

பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதி முடித்ததிலிருந்து இந்த ஒரே காட்சியைக் கரி, நீர்வண்ணம், களிமண், லினோ (செதுக்கி அச்செடுக்கும் மென்தகடு) அச்சு என்று மாற்றி மாற்றிச் செய்து, கடைசியில் பாத்தேக்குக்கு வந்தேன். படத்தை மாற்றாமல் பொருளை மட்டும் மாற்றியதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு முறையும் புதுப் படம் எடுத்தால், கெட்டது என் வரைதலா, பொருளா என்று பிரித்துப் பார்க்க முடியாது. காட்சி அதேதான் என்றால் அந்தப் பொருள் என்ன கேட்கிறது என்பது தனியாகத் தெரிந்துவிடும்.

இந்தக் காட்சியில் வெள்ளை மூன்றே இடத்தில்தான்: விளக்கு, பட்டையில் இறங்கும் பால்கோடு, மங்குக்குள் நிறைந்த பால். மற்றதெல்லாம் இருட்டு. அந்த வெள்ளையை எப்போது, எப்படி வைப்பது என்பதுதான் எல்லாப் பொருளிலும் எனக்கு வேலை வைத்தது.

முதலில் கரி. காசு அதிகம் ஆகாது என்பதால் அதில் தொடங்கினேன். வீட்டில் கோலா செப்பெத்தாங் சூளைக் கரி மூட்டையில் இருந்தது. அது பாக்காவ் என்னும் சதுப்புநில மரத்துக் கரி. சமையலுக்கு அருமையானது, நின்று எரியும். வரைய ஆகாது. கல் போல இறுகியிருப்பதால் தாளைக் கீறியது, கோடு வெளிறிய சாம்பலாக விழுந்தது. சரி, நாமே சுடலாம் என்று ஒரு மைலோ டின்னை எடுத்து, மூடியில் ஆணியால் ஓர் ஓட்டை போட்டேன். சுண்டுவிரல் தடிமனுள்ள குச்சிகளைப் பட்டை உரித்து, 12 செ.மீ. நீளத்துக்கு நறுக்கி, நன்றாகக் காயவைத்து டின்னுக்குள் நெருக்கி அடுக்க வேண்டும். அடுப்பில் வைத்தால் ஓட்டை வழியே புகை கிளம்பும். புகை அடங்கியதும் இறக்கிவிடலாம், ஆனால் டின் முழுக்க ஆறும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. சூட்டோடு காற்றுப் பட்டால் உள்ளே இருப்பது பற்றிச் சாம்பலாகிவிடும். பால்மரக் குச்சி வெடித்து முறிந்துபோனது. வேலியில் இருந்த செம்பருத்திக் குச்சிதான் ஒரே சீராக, மிருதுவாக வந்தது. இன்றைக்கும் அதையே பயன்படுத்துகிறேன்.

வரைந்த முறை இது: தாள் முழுவதும் கரித்தூளைத் தேய்த்து இருட்டாக்கிவிட்டு, வெளிச்சத்தை அழித்து எடுப்பது. ரப்பர் பென்சில் கோட்டை அழிக்கும் என்று ஜோசப் பிரீஸ்ட்லி எழுதியது 1770இல். அதற்கு முன் ஓவியர்கள் ரொட்டியின் உள்பகுதியால்தான் அழித்திருக்கிறார்கள். விளக்கைச் சுற்றிய மங்கலான ஒளிக்கு நானும் ரொட்டியையே எடுத்தேன், ரப்பரைவிட அது மென்மையாக ஒற்றி எடுக்கிறது. பால்கோட்டுக்கு மட்டும் ரப்பரை பிளேடால் ஆப்பு வடிவத்தில் சீவி ஒரே இழுப்பாக இழுத்தேன். கரியில் வெள்ளை கடைசியில் வரும். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், பிடிக்காவிட்டால் மறுபடி மூடலாம். அந்தச் சௌகரியம் அடுத்த பொருளில் கிடையாது.

நீர்வண்ணத்தில் தாளின் வெள்ளைதான் வெள்ளை. ஒரு தடவை நீலம் ஏறிவிட்டால் பழைய வெள்ளை திரும்பாது. இரண்டு மில்லிமீட்டர் பால்கோட்டை விட்டுவிட்டு அதன் இரு பக்கமும் இரவின் கருநீலத்தை ஒரே மூச்சில் பூசுவது நடக்காத காரியம். தூரிகை ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் வருவதற்குள் முதல் பக்கத்தின் ஓரம் காய்ந்து வரி விழுந்துவிடுகிறது. அதனால் ஈப்போவில் மறைப்புத் திரவம் ஒரு சின்னப் பாட்டில் வாங்கினேன், 32 ரிங்கிட். பூசி, காயவிட்டு, மேலே வண்ணம் அடித்து, பிறகு உரித்தால் அடியில் வெள்ளை அப்படியே இருக்கும். பாட்டிலைத் திறந்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்தார்.

“இது பால் ஸ்டோர் வாசனையாச்சே!”

தோட்டத்தில் சீவிய பாலைச் சேர்க்கும் இடம்தான் பால் ஸ்டோர். அவர் சொன்னது சரி. அந்தத் திரவம் பால்மரத்துப் பாலும் அமோனியாவும்தான். பால் சீக்கிரம் உறையாமல் இருக்க அமோனியா சேர்ப்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எங்கள் குடியிருப்பான தாமானுக்குப் பின்னால் ஒரு மாமா இன்னும் கொஞ்சம் மரம் வைத்துச் சீவுகிறார். அவரிடம் அரை மங்குப் பாலும், அதற்குள் சில சொட்டு அமோனியாவும் வாங்கி வந்தேன். (திறந்த வெளியில் செய்யுங்கள், கண்ணும் மூக்கும் எரியும்.) வேட்டித் துணியில் வடிகட்டி, மூடி இறுக்கமான போத்தலில் ஊற்றினேன். பூசுவதற்குத் தூரிகையைவிடத் தொட்டு எழுதும் பேனா நல்லது. தூரிகைதான் வேண்டும் என்றால் முதலில் சோப்புத் தண்ணீரில் தோய்த்துவிட்டுப் பாலில் தொடுங்கள், இல்லாவிட்டால் மயிர் ஒட்டிப்போகும். வெள்ளைத் தாளில் வெள்ளைப் பால் கண்ணுக்குத் தெரியாது, தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் ஈரம் மின்னும். காய்ந்தால் மஞ்சளாகிக் கண்ணாடி போலாகும். உரிக்க, வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைச் சின்ன உருண்டையாக்கி அதன்மேல் தேய்த்தால் போதும், தானாகச் சுருண்டு வந்துவிடும்.

தாளில் கஞ்சத்தனம் வேண்டாம். பள்ளிக்கூட வரைபலகைத் தாளில் பாலை உரித்தபோது தாளும் சேர்ந்து உரிந்தது. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாளில் சுத்தமாக வந்தது. ஏ3 அளவில் ஐந்து தாள் 48 ரிங்கிட். பாலைத் தாளில் நாள்கணக்கில் விட்டுவைக்கவும் கூடாது, சூட்டில் இறுகி ஒட்டிக்கொள்ளும். அதே காரணத்தால் முடி உலர்த்தியும் வேண்டாம். எங்கள் ஊர் நாலு மணி மழைக்கு முன்னால் காற்றில் ஈரம் ஏறிவிடுவதால் மதியத்துக்கு மேல் பூசிய வண்ணம் காயாமல் பூத்துப்போனது. காலை எட்டிலிருந்து பதினொன்று வரைதான் நல்ல நேரம்.

ஆனால் மறைத்து எடுத்த வெள்ளைக்கு ஓரம் கூர்மையாக இருக்கும். பால்கோட்டுக்கு அது பொருந்தியது. விளக்கொளிக்கு அதையே செய்தபோது வட்டமாக வெட்டி ஒட்டிய காகிதம் போல் ஆனது. விளக்கை மறைக்காமல், ஈரத் தூரிகையால் வண்ணத்தை ஒற்றி எடுத்துத்தான் சரிசெய்தேன். வெள்ளையில் கூரான வெள்ளை, கரையும் வெள்ளை என்று இரண்டு வகை உண்டு என்பதும், பூசத் தொடங்கும் முன்பே எது எங்கே என்று தீர்மானிக்க வேண்டும் என்பதும் இந்தத் தாளில்தான் எனக்குப் பிடிபட்டது.

களிமண்ணில் அதிக நாள் நிற்கவில்லை. கோலா கங்சாருக்கு எதிர்க்கரையில் உள்ள சாயோங்கில் லாபு என்னும் சுரைக்காய் வடிவ மண் கூஜா செய்கிறவர்களைப் பார்க்கப் போனேன். சுட்ட லாபுவைச் சூட்டோடு உமிக்குள் புதைத்துக் கறுப்பாக்குகிறார்கள். அந்தக் கறுப்பு எந்த வண்ணக் குழாயிலும் கிடைக்காது. நான் செய்தது உள்ளங்கை அளவு உருவம் ஒன்று, சுடவில்லை. ஆனால் அதைச் செய்தபோதுதான் பாட்டியின் முழங்கையைத் தாளில் நான் தூக்கி வரைந்துகொண்டிருந்தது தெரிந்தது. மரம் சீவும்போது முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும், இடுப்பு வளையும். தாளில் எத்தனை அழித்தும் வராத அந்த வளைவு, மண்ணைக் கட்டைவிரலால் அழுத்தியதும் வந்துவிட்டது. பிறகு செய்த எல்லாப் படத்திலும் அந்த உருவத்தை மேசையில் வைத்து, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து நிழலைப் பார்த்துத்தான் வரைந்தேன். அதே பயணத்தில் கோலா கங்சாரில் உள்ள பழைய ரப்பர் மரத்தையும் பார்த்தேன். 1877இல் வந்த கன்றுகளில் மிஞ்சியது அது. முண்டும் முடிச்சுமாக இருக்கும் அதன் அடிமரத்தைப் பென்சிலில் எடுத்துவந்தேன், லினோவில் உதவியது.

லினோவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். ஏ4 அளவு லினோ இரண்டு 24 ரிங்கிட், செதுக்குளி ஒரு கட்டு 25, உருளை 18, எண்ணெய் மை 28. ஆக 95. லினோவை வெயிலில் சற்று நேரம் வைத்து எடுத்தால் இளகி, வெண்ணெய் மாதிரி வெட்டும். செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. இங்கே வெள்ளைதான் முதல் வேலை, வெட்டியது வெட்டியதுதான்.

வளைகோடுகளில் உளி வழுக்கி ஓடிக்கொண்டே இருந்தது. பாட்டி கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கையால தள்ளாதம்மா. கை சும்மா புடிச்சிருக்கணும். கால்தான் மரத்தைச் சுத்தி வரணும்.”

மரம் சீவுகிறவர் உளியை ஒரே பிடியில் வைத்துக்கொண்டு உடம்போடு நகர்வார். ஒரு சீவலில் போகும் பட்டை சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஆழம் கூடி மரத்தைத் தொட்டுவிட்டால் காயம், பிறகு அந்த இடத்தில் பட்டை முண்டாக வளரும், அடுத்த சுற்றில் சீவ முடியாது. லினோவும் ஏறக்குறைய அதே கணக்கு. மூன்று மில்லிமீட்டர் தடிமனில் ஒன்றரை வெட்டினால் போதும், அடியில் இருக்கும் சணல் துணியைத் தொடக் கூடாது. நான் சுற்றி வர முடியாது, ஆனால் பலகையைச் சுற்றலாம். பழைய சுழல்தட்டில் லினோவை வைத்து, உளியை அசைக்காமல் இடக்கையால் தட்டைத் திருப்பினேன். வளைவு அப்படியே வந்தது. மறுகை விரல்களை உளியின் முன்னால் வைக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அச்சுத் தாளுக்கு சீனர் கடையில் தூரிகை எழுத்துக்கு விற்கும் மெல்லிய தாளை வாங்கினேன். அழுத்தும் இயந்திரம் கிடையாது, கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்தேன். சபாவின் ரானாவைச் சேர்ந்த பங்ரோக் சூலாப் குழு பெரிய மரப்பலகை அச்சுகளின் மேல் ஏறி ஆடி மிதித்தே அச்செடுப்பார்கள். பலகையைத் தரையில் போட்டு, மேலே துணி மடித்து நானும் மிதித்துப் பார்த்தேன். கரண்டியைவிடக் கறுப்பு சீராக ஏறியது.

முதல் அச்சைக் காயப்போட்டதும் பாட்டிதான் கண்டுபிடித்தார்.

“என்னா இது, வெட்டு மாறிக் கெடக்கு? இப்படி வெட்டுனா பால் கொறைச்சலாத்தான் வரும்.”

அச்சில் படம் இடவலம் மாறும். முகத்தில், கையில் அது எனக்குத் தெரியவில்லை. வெட்டில் அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. மரத்தைப் பார்த்து நின்றால் வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக, சுமார் 30 பாகைச் சாய்வில் இறங்க வேண்டும். பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக ஏறாமல் வலப்பக்கம் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டுதான் அதிகக் குழாய்களை அறுக்கும். தோட்டத்தில் எவரும் மாற்றி வெட்ட மாட்டார்கள். அந்தப் பலகையை ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டாவது லினோவில் படத்தைத் திருப்பிப் படியெடுத்து மறுபடி செதுக்கினேன். சுங்கை சிப்புட்டில் இந்தப் படத்தைப் பார்க்கப்போகிறவர்களில் பாதிப் பேர் மரம் சீவியவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். அவர்கள் கண்ணுக்கு அது பொய்யாகத் தெரியக் கூடாது.

இப்போது பாத்தேக். பாத்தேக்கைச் சட்டம் போட்டு மாட்டும் ஓவியமாக்கியவர் பினாங்கின் சுவா தியன் தெங். 1950களில் தொடங்கினார். அவர் படங்களில் மெழுகுக் கோடு உருவங்களைச் சுற்றி வளைத்துப் பிடித்து நிற்கும். எனக்குக் கோடு பிரதானமாக வேண்டாம், இருட்டு வேண்டும். அதனால் கோடு கட்டி உள்ளே நிறம் நிரப்பும் வழக்கமான முறையை விட்டு, வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு அடுக்கு அடுக்காக மெழுகு ஏற்றும் முறையை எடுத்தேன்.

செலவு: பருத்தித் துணி இரண்டு மீட்டர் 24 ரிங்கிட், உருகிய மெழுகால் கோடு போடும் சாந்திங் இரண்டு 30, பாரபின் மெழுகு 14, தேன்மெழுகு 22, ரெமசோல் சாயம் மூன்று நிறம் 24, சோடியம் சிலிகேட் 7, சட்டத்துக்கு மரம் 16, சலவைச் சோடா 5. மொத்தம் 142. மெழுகு உருக்கப் பழைய சட்டியும் அம்மாவின் மின்னடுப்பும். மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடியால் மூடி அணைக்க வேண்டும். மூடியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்த பிறகுதான் அடுப்பைப் போடுவேன்.

துணியைச் சோப்புத்தூளில் அலசிக் கஞ்சியை எடுத்து, சட்டத்தில் மத்தளம்போல் இழுத்து அடிக்க வேண்டும். பாரபின் இரண்டு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. பாரபின் மட்டும் என்றால் காய்ந்து நொறுங்கி, விரிசல் வழியே சாயம் புகுந்துவிடும்.

முதல் துணியில் பால்கோடு நீலமாகிவிட்டது. மெழுகு ஆறிப்போயிருந்ததால் துணிக்குள் இறங்காமல் மேலேயே உட்கார்ந்துவிட்டது, சாயம் அடியில் ஊர்ந்தது. இதைப் பூசும்போதே கண்டுபிடிக்கலாம். சரியான சூட்டில் விழுந்த மெழுகு எண்ணெய் பட்ட காகிதம்போல் துணியைக் கண்ணாடியாக்கும், ஆறிய மெழுகு வெள்ளையாக நிற்கும். துணியின் பின்பக்கத்தைப் பாருங்கள், கோடு அங்கேயும் தெரிய வேண்டும். புகை வந்தால் சூடு கூடிவிட்டது, கோடு பரவும். மழைநாளில் துணியே ஈரத்தை இழுத்துக்கொள்வதால், மெழுகு தொடும் முன் வெயிலில் ஒரு மணி நேரம் காட்டிவிடுகிறேன்.

அடுத்த துணியில் பால்கோடு நின்றது, விளக்கின் மஞ்சள் போய்விட்டது. எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது இந்தத் துணி. மஞ்சள் அடித்து, காயவிட்டு, மேலே மெழுகு பூசி, பழுப்பும் நீலமும் ஏற்றி, கடைசியில் ஒரே முறை சிலிகேட் பூசினேன். சிலிகேட்தான் இந்தச் சாயத்தைத் துணியோடு பிணைக்கிறது. மெழுகுக்கு அடியில் இருந்த மஞ்சளை அது தொடவே இல்லை. கொதிநீரில் மெழுகு போனதும் மஞ்சளும் கூடவே போய்விட்டது. கோடு கட்டி நிறம் நிரப்பும் முறையில் இந்தச் சிக்கல் வராது, எல்லா நிறமும் திறந்தே இருக்கும். அடுக்கு முறையில் ஒவ்வொரு நிறத்தையும் சிலிகேட் பூசிப் பிணைத்த பிறகுதான் அதன்மேல் மெழுகு வைக்க வேண்டும்.

தேறிய துணியில் செய்த வரிசை: சின்னச் சாந்திங்கால் பால்கோடு, மங்குப் பால், விளக்கின் நடுப்புள்ளி மூன்றுக்கும் மெழுகு. விளக்கைச் சுற்றித் துணியை நனைத்து, ஈரத்திலேயே வெளிர்மஞ்சளைக் கரையவிட்டேன். நீர்வண்ணத்தில் கற்ற கரையும் வெள்ளை இங்கே இப்படித்தான் வந்தது. காய்ந்ததும் சிலிகேட். இரவு முழுக்க விட்டு, காலையில் பச்சைத் தண்ணீரில் வழுவழுப்புப் போகும்வரை அலசி, காயவைத்து, முகத்திலும் கையிலும் வெளிச்சம் படும் இடங்களுக்குத் தூரிகையால் மெழுகு. அடுத்து பட்டையின் பழுப்பு, மறுபடி சிலிகேட், அலசல், மெழுகு. கடைசியாக இரவு. வெளிர்நிறங்களுக்கு 250 மி.லி. வெந்நீரில் ஒரு தேக்கரண்டி சாயம் கலந்தேன், இரவுக்கு இரண்டரை. ஈரத்தில் கறுப்பாகத் தெரிவது காய்ந்து அலசியதும் இரண்டு படி வெளுக்கும், அதை எதிர்பார்த்தே அடர்த்தியாகக் கலக்க வேண்டும்.

மெழுகு எடுக்கக் கொதிநீரில் ஒரு கைப்பிடி சலவைச் சோடா. துணியைக் குச்சியால் முக்கி முக்கி எடுத்தால் மெழுகு மிதக்கும். நீர் ஆறியதும் தட்டாக உறைந்திருக்கும், எடுத்து அடுத்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த நீரைச் சூட்டோடு சாக்கடையில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

அடுத்த முறை துணியைக் கொஞ்சம் தடிப்பாக வாங்குவேன், இந்த மெல்லிய ரகத்தில் இருட்டுக்கு ஆழம் போதவில்லை. சட்டத்துக்குக் குறுக்குக் கட்டையும் வேண்டும், ஈரத்தில் நடுப்பகுதி தொய்ந்து சாயம் அங்கே தேங்கியது.

சேர்க்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. படத்தைப் பார்த்த பாட்டி, “கொசுவத்தி எங்க?” என்று கேட்டார். விடியலில் காட்டுக்குள் போகிறவர்கள் இடுப்பில் கொசுவத்தியைக் கொளுத்தித் தொங்கவிட்டுக்கொள்வார்கள். அந்தப் புகை விளக்கு வெளிச்சத்தில் தெரியும். கரியில் ரொட்டியால் ஒரு தடவு தடவினால் புகை வந்துவிடும், நீர்வண்ணத்திலும் ஒற்றி எடுக்கலாம். மெழுகுக்கு முழு வெள்ளை அல்லது முழு நிறம்தான் தெரியும், நடுவாந்திரம் தெரியாது. இப்போது 15 செ.மீ. துண்டுத் துணிகளில் சோதனை ஓடுகிறது. ஒன்றில் வெளிர்சாம்பல் அடித்துப் பிணைத்து, அதன்மேல் மெழுகை அரைகுறையாகத் தொட்ட காய்ந்த தூரிகையால் இழுத்திருக்கிறேன். இன்னொன்றில் தண்ணீர் கலந்து இளக்கிய பால்மரத்துப் பாலையே மெழுகுக்குப் பதிலாகப் பூசியிருக்கிறேன். முதல் துண்டில் இழைகள் முரடாக விழுந்தன, இரண்டாவதை இன்னும் அலசவில்லை. எது தேறினாலும் கொசுவத்தி வரும் இடம் முடிவாகிவிட்டது: இடது இடுப்பு, உளி பிடிக்கும் கைக்குத் தட்டாத பக்கம்.